இன்ஸ்டா ரீல் பாத்து வாங்குன "ப்யூர் சாஃப்ட் சில்க்" சேலை: மூணு மாசம் கழிச்சு என் ரிவியூ

தம்பி கல்யாண ரிசப்ஷனுக்குன்னு ஆடி ஆஃபர்ல இன்ஸ்டா பேஜ் ஒண்ணுல மூணு சேலை வாங்கினேன், எனக்கு ஒண்ணு, நாத்தனாருக்கு ஒண்ணு, சித்திக்கு ஒண்ணு. ஒரு சேலை 2,450 ரூபா, வீடியோல சொன்ன கூப்பன் கோட் போட்டா பத்து பர்சென்ட் கம்மி, அப்போ 2,205, மூணும் சேத்து 6,615, ஷிப்பிங் ஃப்ரீ. பேஜ் பேரையும் அத ப்ரொமோட் பண்ணின அக்கா பேரையும் இங்க போடல, புகார் இன்னும் முடியல. ஆனா என்ன வாங்கினேன், எதனால வாங்கினேன், கைக்கு என்ன வந்துச்சுன்னு முழுசா எழுதுறேன், தீபாவளி கலெக்‌ஷன் பொங்கல் கலெக்‌ஷன்னு அடுத்தடுத்து ரீல் வந்துட்டே இருக்கு, யாராவது ஒருத்தர் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இத படிச்சா போதும்.

முதல்ல எப்படி வாங்குனேன்றத சொல்லணும், ஏன்னா பிரச்சனை சேலைல ஆரம்பிக்கல, அங்கதான் ஆரம்பிச்சுது. அந்த அக்காவ நான் ரெண்டு வருஷமா ஃபாலோ பண்றேன். பெரிய சினிமா ஆளெல்லாம் இல்ல, நம்ம வீட்டு பக்கத்துல இருக்குற மாதிரி ஒரு முகம், காலைல புள்ளைக்கு லஞ்ச் பாக்ஸ் கட்டுறது, மாமியாருக்கு பிபி மாத்திரை எடுத்து வைக்கிறது, சாயங்காலம் மாடில துணி மடிச்சுக்கிட்டே பேசுறதுன்னு தினமும் ஸ்டோரி போடுவாங்க, அவங்க பையனுக்கு ஜுரம் வந்தப்ப நான் நெஜமாவே கவலப்பட்டு மெசேஜ் பண்ணி இருக்கேன், அவங்களும் "தேங்க்ஸ் சிஸ், இப்ப பரவால்ல"ன்னு பதில் போட்டாங்க. இப்படி ரெண்டு வருஷம் பழகின ஒரு முகம் ஒரு நாள் ஒரு சேலைய கட்டிக்கிட்டு வந்து "இது ப்யூர் சாஃப்ட் சில்க் சிஸ், எங்க அம்மாவுக்கும் இதான் வாங்கினேன்"னு சொன்னா, அத விளம்பரம்னு என் மனசு எடுத்துக்கவே இல்ல. டிவில ஒரு நடிகை பட்டுச் சேலை கட்டிட்டு வந்தா அது காசு வாங்கிட்டு நடிக்கிறதுன்னு சின்ன புள்ளைக்கும் தெரியும், அதனால நாம கொஞ்சம் தள்ளி நின்னுதான் பாக்குறோம். இங்க அந்த தள்ளி நிக்கிறது இல்லாமப் போயிடுச்சு. "வாங்கினேன்"ன்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் காசு குடுத்தேன்னு இப்ப புரியுது.

அதுக்கப்புறம் ஒரு மாசம் அதே சேலைய நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் ரீல், ரெண்டு நாள் கழிச்சு ஸ்டோரில அதே சேலைல கோவிலுக்கு போறது, அப்புறம் "நிறைய பேர் கேட்டீங்க சிஸ்"னு லிங்க், அதுல 24 மணி நேரத்துல ஸ்டோரி போயிடும் ஆஃபரும் போயிடும்னு ஒரு அவசரம். கீழ கமெண்ட்ல "ப்ரைஸ் சிஸ்", "ஆர்டர் போட்டாச்சு அக்கா", "எனக்கு வந்துருச்சு செம்மயா இருக்கு"ன்னு வரிசையா. முதல் தடவ பாத்தப்ப எனக்கு அந்த சேலை வேணும்னே தோணல. நாலாவது தடவ பாக்கும்போது எந்த கலர்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன். வேணுமா வேணாமான்ற கேள்விய நான் எனக்கு கேட்டுக்கவே இல்ல.

ஆர்டர் போடுறது ரொம்ப ஈஸி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணணும், ஸ்டாக் இருந்தா "அவைலபிள் சிஸ், ஜிபே பண்ணுங்க"ன்னு வரும், பணம் போட்டா ரெண்டு நாள்ல கூரியர் நம்பர். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. "ஓப்பனிங் வீடியோ கம்பல்சரி, வீடியோ இல்லன்னா கம்ப்ளெயின்ட் ஏத்துக்க மாட்டோம், நோ ரிட்டர்ன் நோ எக்ஸ்சேஞ்ச்"னு ஒரு மெசேஜ் வந்துச்சு, அப்பவே நான் நின்னு யோசிச்சிருக்கணும், யோசிக்கல. பார்சல் நாலாவது நாள் வந்துடுச்சு, பேக்கிங் நீட்டா இருந்துச்சு, டேமேஜ் எதுவும் இல்ல. டெலிவரிய பொறுத்தவரைக்கும் பெருசா ஒரு குறையும் சொல்ல முடியாது.

சேலையும் பாக்க நல்லாத்தான் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். நான் எடுத்தது மயில் கழுத்து கலர்ல மெரூன் பார்டர், போட்டோல இருந்த அதே கலர், கொஞ்சம் கூட மாறல. கட்டினா மடிப்பு நல்லா உக்காருது, வெயிட் இல்ல, ரிசப்ஷன்ல அஞ்சு மணி நேரம் நின்னுருந்தும் கசங்கல. பாக்குறவங்க எல்லாரும் எங்க வாங்குனன்னு கேட்டாங்க. ஆனா வேர்த்துக் கொட்டிருச்சு. மண்டபத்துல ஏசி இருந்தும் முதுகெல்லாம் நனைஞ்சு சேலை உடம்போட ஒட்டிக்கிச்சு, பட்டு கட்டினா இப்படி இருக்காதேன்னு ஒரு சின்ன உறுத்தல்.

அந்த உறுத்தலுக்கு பதில் கெடச்சது ஆரணில. கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு சித்தி வீட்டுக்கு போயிருந்தேன். சித்தப்பா இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல பட்டுத்தறில உக்காந்தவரு, இப்ப கண்ணு சரியில்லன்னு நிறுத்திட்டாரு. கல்யாணத்துக்கு முன்னாடி நான் "சித்தி, ப்யூர் சில்க், உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரி எடுத்திருக்கேன்"னு பெருமையா குடுத்தப்ப அவரு சேலைய வாங்கி மடில வச்சு ஒரு தடவ தடவிப் பாத்துட்டு "நல்லாருக்கும்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு மடிச்சு வச்சுட்டாரு. இப்ப நானே கேட்டேன், சித்தப்பா இது பட்டுதானான்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "கட்டுறதுக்கு நல்ல சேலைதாம்மா, பட்டு இல்ல"ன்னாரு. அன்னைக்கே தெரியுமான்னு கேட்டா, "கல்யாண வீட்ல வந்து சொல்ற விஷயமா அது"ன்னாரு. தொழிலே பட்டு நெய்யுறதுன்னு இருக்குற வீட்டுக்கு நான் பாலியஸ்டர கொண்டுபோய் பட்டுன்னு சீரா குடுத்திருக்கேன், அத நெனச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறல.

அவரு எனக்கு காட்டுன விதத்த அப்படியே எழுதுறேன், இது எல்லாருக்கும் உதவும். முந்தானை ஓரத்துல தொங்குற, நீளவாக்குல ஓடுற பாவு நூல்ல ஒண்ணு, உள்ள குறுக்க ஓடுற ஊடை நூல்ல ஒண்ணு, ரெண்டையும் ஊசி முனைல நெம்பி எடுத்தாரு. சித்தியோட கூறைப்புடவைல இருந்தும் ஒரு நூல் எடுத்தாரு, அது நாப்பது வருஷத்து புடவை. சாமி ரூம் அகல் விளக்குல முதல்ல கூறைப்புடவை நூல காட்டினாரு, தீ பட்டதும் சுருண்டு சுருண்டு மெதுவா எரிஞ்சுது, விளக்குலேர்ந்து எடுத்ததும் தானா அணைஞ்சுடுச்சு, முடி பொசுங்குற நாத்தம், மிச்சம் இருந்தத விரல்ல வச்சு தேச்சா கருப்பா பொடியா உதிர்ந்து போச்சு. பட்டும் முடியும் ரெண்டுமே புரதம், அதனாலதான் ஒரே வாசனை. அடுத்து என் சேலையோட பாவு. கிட்ட கொண்டு போறதுக்குள்ளயே நூல் பின்னாடி சுருங்கி ஓடுது, உருகுது, பிளாஸ்டிக் கவர் எரியுற வாசனை, முனைல கடுகு சைஸ்ல கருப்பா ஒரு முத்து. ஆறினப்புறம் அத நகத்தால அழுத்திப் பாத்தேன், உடையல. ஊடையும் அதே மாதிரி முத்துதான். ரேயான் கலந்திருந்தா பேப்பர் எரியுற வாசனை வரும்னாரு, இதுல அதுவும் இல்ல.

அப்புறம் பார்டர பாக்க சொன்னாரு. ரீல்ல அந்த அக்கா "காஞ்சிபுரம் கோர்வை பார்டர் சிஸ்"னு சொல்லி இருந்தாங்க. கோர்வைன்னா உடம்பு ஊடை தனியா, பார்டர் ஊடை தனியா, சேர்ற எடத்துல ரெண்டையும் கோத்து கோத்து நெய்யணும், அதுக்கு தறில கூட ஒரு ஆள் வேணும், அப்பதான் பார்டர் கலர் வேற எதுவும் கலக்காம அழுத்தமா வரும். என் சேலைல மெரூன் பார்டர சாய்ச்சு வெளிச்சத்துல பாத்தா மயில் கழுத்து கலர் நூல் உள்ளுக்குள்ள ஓடுறது பளிச்சுன்னு தெரியுது, ஒரே ஊடை இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் போகுது. அப்போ கோர்வையும் பொய். விசைத்தறி சேலை, ஆயிரத்துக்குள்ள இருக்கும்னாரு சித்தப்பா.

இங்க ஒரு விஷயம் தெளிவா சொல்லணும். விசைத்தறில ஓடுற ஆர்ட் சில்க் சேலைல தப்பே இல்ல, சேலம் இளம்பிள்ளைல ஊரே அந்த தொழில்ல நல்லா பொழைக்குது, அந்த சேலை விலைக்கு அழகா இருக்கும், நானே வீட்ல வச்சிருக்கேன். ஆர்ட் சில்க்னா ஏதோ கலைப்பட்டுன்னு பலபேர் நெனைக்கிறாங்க, ஆர்ட்ன்றது ஆர்ட்டிஃபிஷியலோட சுருக்கம், செயற்கைப் பட்டு, அவ்ளோதான். சாஃப்ட் சில்க்ன்ற பேரும் அப்படித்தான் கொழப்புது, நெஜமான மல்பெரி பட்டுலயும் சாஃப்ட் சில்க் இருக்கு, பாலியஸ்டர்லயும் அதே பேர்ல விக்கிறாங்க. நேர்மையா விக்கிறவங்க செமி சில்க்னு போட்டுடுவாங்க. செமின்னு சொல்லி ஆயிரம் ரூபாக்கு குடுத்திருந்தா நான் இதே சேலைக்கு அஞ்சு ஸ்டார் குடுத்து நாலு பேருக்கு சொல்லி இருப்பேன். "ப்யூர்"னு சொல்லி 2,205 வாங்குனதுதான் என் சண்டை. கச்சாப் பட்டு கிலோவே பல ஆயிரம் விக்குது, அத வாங்கி சாயம் போட்டு தறில ஏத்தி நெய்யுற கூலியும் சேத்தா இந்த விலைக்கு முழுப்பட்டு சேலை வர வாய்ப்பே இல்ல, இந்த கணக்க நான் வாங்குறதுக்கு முன்னாடி போட்டிருக்கணும்.

கடைக்கு மெசேஜ் பண்ணேன், நூல் எரிச்ச வீடியோவோட. முதல் நாள் நீல டிக் மட்டும். அடுத்த நாள் "சிஸ் இது மார்க்கெட்ல சாஃப்ட் சில்க்னுதான் சொல்லுவாங்க, நாங்க ரிட்டர்ன் எடுக்கறதில்ல, முன்னாடியே சொல்லிட்டோம்"னு பதில். பேஜ்ல கமெண்ட் போட்டேன், அரை மணி நேரத்துல காணோம், அதுக்கப்புறம் என்னால கமெண்ட் போடவே முடியல. அப்பதான் ஒண்ணு புரிஞ்சுது, நான் வாங்குறதுக்கு முன்னாடி படிச்ச கமெண்ட் எல்லாமே இப்படி சலிச்சு எடுத்தது போக மிஞ்சினது.

அப்புறம் அந்த அக்காவுக்கு எழுதினேன். கோவமா எழுதல, இப்படி ஆயிடுச்சு அக்கா, உங்கள நம்பித்தான் வாங்கினேன்னு எழுதினேன். ரெண்டு நாள் கழிச்சு வந்த பதில்: "சாரி சிஸ், அது கொலாப் தான், அவங்க சொன்னத தான் நான் சொன்னேன், எனக்கு சேலைய பத்தி அவ்ளோ தெரியாது." கொலாப்னா கடையோட பேசி வச்சு பண்ற விளம்பரம். அம்மாவுக்கு வாங்கினேன்னு சொன்னீங்களேன்னு கேட்டதுக்கு, அனுப்புனதுல ஒண்ண அம்மாவுக்கு குடுத்தேன்னாங்க. அவங்க மேல எனக்கு வெறுப்பு இல்ல, வீட்ல இருந்துக்கிட்டு நாலு காசு சம்பாதிக்கிற பொண்ணு, அந்த ஒழைப்ப நான் மதிக்கிறேன், ஒரு ரீல் எடுக்க ரெண்டு மணி நேரம் ஆகும்னு எனக்கும் தெரியும். ஆனா தெரியாத ஒண்ண தெரிஞ்ச மாதிரி சொல்றதுக்கும், சும்மா வந்தத காசு குடுத்து வாங்கினேன்னு சொல்றதுக்கும் அந்த ஒழைப்பு காரணம் ஆகாது.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம அதே பேஜ டேக் பண்ணின மத்த வீடியோ எல்லாம் தேடி பாத்தேன். நாலு வேற வேற ஆளுங்க, ஒருத்தர் கோயம்புத்தூர், ஒருத்தர் மதுரைப் பக்கம், பேச்சு வழக்கு கூட வேற. ஆனா நாலு பேரும் "கட்டினா அப்படியே நிக்குது சிஸ், மடிப்பு கலையவே கலையாது, பட்டோட அந்த ஃபீல் இருக்கு பாருங்க"ன்னு ஒரே வரிய அதே வரிசைல சொல்றாங்க. எழுதிக் குடுத்தத படிச்சா மட்டும்தான் இப்படி வரும். எனக்கு அது வரைக்கும் இது நாலு பேரோட அனுபவம், நாலு பேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஒரு நம்பிக்கை. பேசுனது நாலு வாய், சொன்னது ஒரே ஒரு கடை.

இதுக்கெல்லாம் விதி இருக்கா இல்லையான்னு தேடினேன், நல்லாவே இருக்கு. விளம்பரத் துறையோட சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆஸ்கி, அவங்க 2021 ஜூன்லேர்ந்தே இன்ஃப்ளூயன்சர்களுக்குன்னு விதி வச்சிருக்காங்க. காசு வாங்குனா மட்டும் இல்ல, சும்மா பொருள் வாங்குனாலும், டிஸ்கவுண்ட் கெடச்சாலும், கடைல வேலை பாத்தாலும் அத விளம்பரம்னு பளிச்சுனு போடணும். 15 செகண்டுக்குள்ள இருக்குற வீடியோல கொறஞ்சது 3 செகண்ட், அதுக்கு மேல 2 நிமிஷம் வரைக்கும்னா வீடியோவோட மூணுல ஒரு பங்கு நேரம் அந்த லேபிள் திரைல நிக்கணும். அந்த அக்காவோட ரீல் 48 செகண்ட், அப்போ 16 செகண்ட் நின்னுருக்கணும். ஒரு செகண்ட் கூட இல்ல. கேப்ஷன்ல "மோர்" அமுக்கி கீழ கீழ போனா இருவது ஹேஷ்டேக்குக்கு நடுவுல கொலாப்னு ஒண்ணு ஒளிஞ்சு இருந்துச்சு. அப்படி ஹேஷ்டேக் கூட்டத்துல புதைக்கக் கூடாதுன்னும் விதியிலயே இருக்கு.

2023 ஜனவரில மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் தனியா வழிகாட்டி போட்டாங்க, எந்த மொழில பேசுறாங்களோ அதே மொழில சொல்லணும், தானே பயன்படுத்தின பொருளத்தான் பரிந்துரைக்கணும்னு அதுல இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல தப்பான விளம்பரத்துக்கு முகம் குடுக்கிறவங்களுக்கும் முதல் தடவ 10 லட்சம் வரைக்கும், திரும்பவும் செஞ்சா 50 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம், ஒரு வருஷம் விளம்பரமே பண்ணக்கூடாதுன்னு தடையும் போடலாம். பொருள தானே சரியா விசாரிச்சு பாத்தேன்னு காட்டினா தப்பிக்கலாம், அந்த அக்கா விசாரிக்கவே இல்லன்னு அவங்களே எழுத்துல குடுத்துட்டாங்க. வருமான வரியிலயும் இது கணக்குல வருது தெரியுமா, 2022 ஜூலைலேர்ந்து ஒரு கம்பெனி ஒரு வருஷத்துல 20,000 ரூபாக்கு மேல பொருளா குடுத்து அத இவங்களே வச்சுக்கிட்டா 10 பர்சென்ட் வரி பிடிக்கணும்னு வச்சாங்க. அரசாங்க கணக்குல வருமானம்னு எழுதுற சேலை நமக்கு மட்டும் "அம்மாவுக்கு வாங்கினேன்"னு வருது.

"நோ ரிட்டர்ன்"னு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா முடிஞ்சுதுன்னு நானும் நெனச்சிருந்தேன். முடியாது. 2020 ஜூலைல வந்த இ-காமர்ஸ் விதிப்படி விளம்பரத்துல சொன்ன தன்மை பொருள்ல இல்லன்னா திருப்பி எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன்னு சொல்லக்கூடாது. ஓப்பனிங் வீடியோவெல்லாம் கிழிசலுக்கும் கறைக்கும்தான் ஆகும், பட்டா பிளாஸ்டிக்கான்னு எந்த ஓப்பனிங் வீடியோவுல தெரியும்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணேன், தமிழ்லயே பேசினாங்க, ரீலோட ஸ்கிரீன் ரெக்கார்டிங், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் சாட், நூல் எரிச்ச வீடியோ எல்லாத்தையும் சேத்து குடுத்தேன். அந்த ரீல நான் முன்னாடியே சேவ் பண்ணி வச்சது நல்லதாப் போச்சு, புகார் போன மூணாவது நாள் அது பேஜ்ல இல்ல. இதுக்கு மேலயும் நுகர்வோர் ஆணையம் வரைக்கும் போகணும்னா 5 லட்சம் வரைக்குமான வழக்குக்கு கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்ல.

இப்ப பட்டு வாங்குறதா இருந்தா நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, சில்க் மார்க் இருக்கா. மத்திய பட்டு வாரியத்தோட ஏற்பாட்டுல 2004லேர்ந்து வர்ற லேபிள், பட்டாம்பூச்சி படம் போட்டிருக்கும், ஹாலோகிராமும் தனி நம்பரும் இருக்கும், முழுப்பட்டுக்கு மட்டும்தான் தருவாங்க. பேஜ்ல "சில்க் மார்க் லேபிள் போட்டோ அனுப்புங்க"ன்னு கேட்டுப் பாருங்க, நான் இப்ப வரைக்கும் ஆறு பேஜ்ல கேட்டுட்டேன், ரெண்டு பேர்தான் அனுப்புனாங்க, ஒருத்தர் "அது செமி சில்க் சிஸ், மார்க் வராது"ன்னு நேர்மையா சொன்னாங்க, மத்த மூணு பேர்கிட்டேர்ந்து இன்னும் பதில் இல்ல. நேர்மையா சொன்ன அந்த பேஜ்லதான் போன வாரம் நாத்தனார் ரெண்டு செமி சேலை எடுத்தா, நல்லா இருக்கு. சித்திக்கு கோ-ஆப்டெக்ஸ்ல லேபிளோட ஒரு ஆரணிப் பட்டு எடுத்துக் குடுத்தேன், கிட்டத்தட்ட மூணு மடங்கு விலை, சித்தப்பா மடில வச்சு தடவிப் பாத்தாரு, இந்த தடவ முந்தானைய விரிச்சு சித்தியக் கூப்பிட்டு காட்டினாரு.

மூணு மாசத்துல சேலை எப்படின்னா, ரெண்டு தடவ கட்டினேன், ஒரு தடவ வீட்லயே அலசினேன், கலர் போகல, பார்டர் ஜரிகை மடிப்புல மட்டும் லேசா கருக்குது. சேலைக்கு அஞ்சுக்கு மூணு, டெலிவரிக்கு அஞ்சுக்கு நாலு, சொன்ன சொல்லுக்கு சைபர்.

புகார் போய் இருவது நாள்ல ரெண்டு சேலைக்கு பணம் திருப்பி தர்றதா கடை ஒத்துக்கிச்சு, ஒரு சேலை பணம் வந்துடுச்சு, இன்னொண்ணு "அடுத்த வாரம் சிஸ்"லயே நிக்குது, அதுக்குத்தான் புகார மூடாம வச்சிருக்கேன். மூணாவது சித்தியோடது. அனுப்பி வைங்க சித்தி, அதுக்கும் கேட்டு வாங்கித் தரேன்னு சொன்னேன். ஃபால்ஸ் தச்சாச்சு, குஞ்சமும் கட்டியாச்சு, நீ குடுத்ததுடி, நான் கட்டிக்கிறேன்னு சொல்லி தர மாட்டேன்னுட்டாங்க.